ஜிபிஎஸ் இல்லாத போன்: புள்ளியை விடுங்கள், வட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது பழைய ஆண்ட்ராய்டு போன். ஜிபிஎஸ் கிடையாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீடுகளுக்குப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை என்பதால் தினமும் தெரியாத தெருக்களில் அலைகிறேன். நான் நிற்கும் இடத்தைக் கூகுள் மேப் சில நேரம் சரியாகக் காட்டுகிறது. சில நேரம் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் காட்டுகிறது. ஒருமுறை ஏரிக்கு நடுவில் நிற்பதாகக் காட்டியது. போன் ரிப்பேர் செய்யும் ஒருவர், ‘ஒரு சாஃப்ட்வேர் ஏற்றினால் ஜிபிஎஸ் வந்துவிடும்’ என்று சொல்லிப் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? வேறு வழி உண்டா?

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஜிபிஎஸ் என்பது சாஃப்ட்வேர் இல்லை, ஒரு ரேடியோ. தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் 1575.42 மெகாஹெர்ட்ஸில் மெல்லிய குரலில் பேசிக்கொண்டே இருக்கின்றன. அதைக் கேட்கப் போனுக்குள் ஒரு ஆன்டெனாவும் ஒரு சிப்பும் இருக்க வேண்டும். அவை இல்லாத போனில் எதை ஏற்றினாலும், காதே இல்லாதவருக்குக் கம்மல் விற்ற கதைதான். அந்த ஆள் ஏற்றப்போவது பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும் ஏதோ ஒரு மேப் செயலி. இல்லையென்றால் ‘போலி இருப்பிடம்’ காட்டும் செயலி. இரண்டாவது வகையில் புள்ளி ஆடாமல் அசையாமல் அழகாக நிற்கும். பார்ப்பவருக்குத் திருப்தியாக இருக்கும். நீங்கள் நடந்தாலும் அது நடக்காது என்பது பிறகுதான் தெரியும். இந்த மாதிரிச் செயலிகள் உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கவும் தொடர்புகளைப் பார்க்கவும் அனுமதி கேட்டால் உடனே தூக்கிவிடுங்கள். இருப்பிடம் காட்டுவதற்கு உங்கள் குறுஞ்செய்தி எதற்கு?

அடுத்து, உங்கள் போனில் நிஜமாகவே ஜிபிஎஸ் இல்லையா என்று முதலில் பாருங்கள். என்னிடம் ‘ஜிபிஎஸ் இல்லை’ என்று கொண்டுவரப்பட்ட போன்களில் பலவற்றில் அது இருந்தது. வீட்டுக்குள் கூரைக்கடியில் உட்கார்ந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு இல்லையென்று முடிவுகட்டியிருப்பார்கள். செயற்கைக்கோள் தன் விவரங்களை நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் சொல்கிறது. தன் சொந்தப் பாதையை 30 நொடிக்கு ஒருமுறை திருப்பிச் சொல்லும். எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலையும் முழுதாகச் சொல்லி முடிக்க 12.5 நிமிடம். வெகுநாள் தூங்கிய ஜிபிஎஸ் விழிக்க நேரம் பிடிப்பது இதனால்தான்.

ஆகவே, செயற்கைக்கோள் பட்டியலைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, வெட்டவெளிக்குப் போய், போனை ஏரோப்ளேன் மோடில் வைத்துக் கால் மணி நேரம் காத்திருங்கள். ஒரு செயற்கைக்கோள்கூடத் தலைகாட்டவில்லை என்றால் சிப் இல்லை, அல்லது செத்துவிட்டது. இரண்டும் உங்களுக்கு ஒன்றுதான். நாலைந்து தெரிந்தால், இதற்கு மேல் இந்தப் பதிலைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

போன் விற்பவர்கள் எழுதும் விவரப் பட்டியலை நம்பி எதையும் முடிவுசெய்யாதீர்கள். ‘ஜிபிஆர்எஸ்’ என்று எழுதியிருப்பதை ஜிபிஎஸ் என்று படித்து வாங்கியவர்கள் எத்தனையோ பேர். ஜிபிஆர்எஸ் என்பது பழைய 2ஜி இன்டர்நெட். இருப்பிடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ‘ஜிபிஎஸ் சப்போர்ட்’ என்று போட்டிருந்தால், வெளியிலிருந்து தனி ஜிபிஎஸ் கருவியை இணைத்துக்கொள்ளலாம் என்பதுதான் சில பழைய மாடல்களில் அதற்குப் பொருள். ‘எல்பிஎஸ்’ என்றால் டவரை வைத்துப் போடும் கணக்கு மட்டும். சிம் போட்டு வண்டியிலோ பையிலோ வைக்கும் மலிவான ‘ஜிபிஎஸ் டிராக்கர்’ கருவிகள் பலவற்றின் உள்ளே இருப்பதும் இந்த எல்பிஎஸ்தான். வண்டி தொலைந்தபின் அது ஒரு பேட்டையையே காட்டும், தெருவைக் காட்டாது. ‘ஏ-ஜிபிஎஸ்’ என்று இருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், அது நிஜ ஜிபிஎஸ். மேலே சொன்ன 12.5 நிமிடப் பாடத்தை நெட்வொர்க் வழியாகச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். விவரத்தைத் தெளிவாக எழுதினால் விற்பனை குறையும் என்று பயம்போல. சிப் இருக்கிறது, இல்லை என்று ஒரே சொல்லில் எழுதக்கூடிய விஷயத்துக்கு இத்தனை முகமூடி.

சரி, சிப் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பிறகு உங்கள் போன் எப்படி இருப்பிடம் காட்டுகிறது? தனக்கு எதுவும் தெரியாததால் அடுத்தவரைக் கேட்டுத்தான். இது புதிய வித்தை இல்லை. 2007-இல் வந்த முதல் ஐபோனிலும் ஜிபிஎஸ் கிடையாது. அதே ஆண்டு நவம்பரில்தான் கூகுள் தன் மொபைல் மேப்பில் ‘மை லொகேஷன்’ என்று டவரை வைத்து இடம் காட்டும் வசதியைக் கொடுத்தது. 2008 ஜனவரியில் ஐபோனுக்கும் டவரையும் வைஃபையையும் வைத்து இடம் கண்டுபிடிக்கும் வசதி வந்தது.

டவர் வழியை முதலில் பார்ப்போம். ஒவ்வொரு டவரும் நாட்டு எண், நிறுவன எண், வட்டார எண், தன் சொந்த எண் என்று நான்கு எண்களை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். போன் அந்த எண்களை இன்டர்நெட் வழியாக ஒரு பட்டியலுக்கு அனுப்பி, ‘இது எங்கே இருக்கிறது?’ என்று கேட்கும். வரும் பதில்தான் உங்கள் புள்ளி. டவர்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் சில நூறு மீட்டர் பிசகும். ஆளரவமற்ற இடத்தில் பல கிலோமீட்டர் போகும். 2ஜி டவர் ஒன்று வழக்கமாக 35 கிலோமீட்டர் வரை கை நீட்டக்கூடியது. போன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அந்த டவர் சுமார் 550 மீட்டர் படிகளாக அளந்து வைத்திருக்கும். ஆனால் மேப் செயலிக்கு அது பெரும்பாலும் கைக்கு வருவதில்லை.

உங்கள் ஏரி விவகாரத்துக்கு வருவோம். மேப் செயலிகள் வைத்திருக்கும் பட்டியலில் பெரும்பாலும் டவரின் உண்மையான இடம் இருப்பதில்லை. ஜிபிஎஸ் உள்ள ஆயிரக்கணக்கான போன்கள் ‘நான் இங்கே நிற்கும்போது இந்த டவர் கேட்டது’ என்று சொன்னதையெல்லாம் சேர்த்துச் சராசரி எடுத்து வைத்திருக்கிறார்கள். ஏரியைச் சுற்றிச் சாலை ஓடுகிறது. சாலையில் போகிறவர்கள் எல்லோரும் கரையில்தான் இருந்திருப்பார்கள். சராசரி எடுத்தால் எங்கே விழும்? தண்ணீருக்கு நடுவில். அங்கே டவரும் இல்லை, நீங்களும் இல்லை, யாருமே இல்லை. கணக்கு மட்டும் நிற்கிறது.

டவர் எங்கே நிற்கிறது என்று அதை நட்ட நிறுவனத்துக்கு அடி பிசகாமல் தெரியும். வாடகை கொடுக்கிறார்களே! அந்தப் பட்டியலை வெளியே விட்டால் பாதிக் குழப்பம் தீரும். விடமாட்டார்கள். அதனால் கூகுள் ஒரு பட்டியல், ஆப்பிள் ஒரு பட்டியல், ஆர்வலர்கள் ஒரு பட்டியல் என்று ஒரே டவரை ஊர் ஊராகத் திரும்பத் திரும்பத் தேடுகிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக, ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா 2013-இல் தொடங்கிய சேவையையும் 2024-இல் மூடிவிட்டார்கள். ஆர்வலர்கள் சேர்க்கும் ‘ஓப்பன்செல்ஐடி’ பட்டியல் இன்னும் இருக்கிறது, நல்ல முயற்சிதான். ஆனால் யாரும் போய் அளக்காத இடத்தில் அதுவும் என்ன செய்யும்?

அடுத்தது வைஃபை வழி. உங்களுக்குச் சோறு போடப்போவது இதுதான். ஒவ்வொரு வைஃபை ரவுட்டரும் நொடிக்குச் சுமார் பத்து முறை தன் பெயரையும், தனக்கே உரிய முகவரி எண்ணையும் கத்திக்கொண்டிருக்கும். அதில் இணையவே வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். காதில் விழுந்தால் போதும். டவர்களுக்கு இருப்பதுபோலவே, எந்த ரவுட்டர் எங்கே இருக்கிறது என்பதற்கும் பட்டியல் இருக்கிறது. தெருவில் நிற்கும்போது ஆறேழு ரவுட்டர்கள் கேட்டால், அவை எந்தப் பலத்தில் கேட்கின்றன என்பதை வைத்து இருபது, நாற்பது மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடலாம். உங்கள் போன் சில நேரம் கச்சிதமாகக் காட்டியதே, அது அப்போது வைஃபையைக் கேட்டிருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் காட்டியபோது டவரை மட்டும் நம்பியிருக்கிறது.

பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று வைஃபையை அணைத்துவிட்டுத் தெருவில் இறங்குகிறீர்களா? பலரும் செய்யும் தவறு. லொகேஷன் அமைப்புக்குள் போய் ‘வைஃபை ஸ்கேனிங்’ என்பதை இயக்கி வையுங்கள். வைஃபை அணைந்திருந்தாலும் போன் காதைத் திறந்து வைத்திருக்கும். மொபைல் டேட்டாவும் இயங்க வேண்டும், ஏனென்றால் கேள்வியை அனுப்பினால்தான் பதில் வரும். பழைய ஆண்ட்ராய்டில் லொகேஷனுக்கு மூன்று வகை இருக்கும்: ‘ஹை அக்யூரசி’, ‘பேட்டரி சேவிங்’, ‘டிவைஸ் ஒன்லி’. மூன்றாவதைத் தொடவே தொடாதீர்கள். சிப் இல்லாத போனில் அது பூஜ்யம், புள்ளியே வராது. புதிய பதிப்புகளில் இந்த மூன்றையும் எடுத்துவிட்டு ‘லொகேஷன் அக்யூரசி’ என்று வேறு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பொத்தானை இடம் மாற்றாவிட்டால் இவர்களுக்குத் தூக்கம் வராது.

இந்த வைஃபை வழியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வீட்டிலேயே அனுபவப்பட்டதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாங்கள் வீடு மாறியபோது ரவுட்டரையும், மாடி அறைவரை வைஃபையை நீட்டிக்க வாங்கிய ரிப்பீட்டரையும் ஒரே பெட்டியில் போட்டு எடுத்துப்போனோம். புது வீட்டைச் சுற்றி அப்போது அக்கம்பக்கம் அதிகம் இல்லை. இரண்டையும் மாட்டி, சிம் இல்லாத டேப்லெட்டில் மேப்பைத் திறந்தால் பழைய வீட்டு வாசலில் நிற்கிறேன்! வட்டமும் சின்னது, புள்ளியும் உறுதியானது. காரணத்தைப் பாருங்கள். பட்டியலைக் கேட்கும்போது ஒரே ஒரு ரவுட்டரைச் சொன்னால் பெரும்பாலும் நம்பமாட்டார்கள். ரவுட்டர் இடம் மாறக்கூடியது என்று அவர்களுக்கும் தெரியும். அதனால் குறைந்தது இரண்டு சாட்சி கேட்பார்கள். என் ரவுட்டரும் ரிப்பீட்டரும் சேர்ந்தே குடிபெயர்ந்ததால், இரண்டும் கைகோத்து ‘நாங்கள் இன்னும் பழைய வீட்டில்தான் இருக்கிறோம்’ என்று சாட்சி சொல்லிவிட்டன. பொய் சாட்சிதான், ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்துகிற பொய்.

ரவுட்டரின் பெயரை மாற்றிப் பார்த்தேன், பயன் இல்லை. பட்டியல் பார்ப்பது பெயரை அல்ல, கருவியின் முகவரி எண்ணை. ரிப்பீட்டரைக் கழற்றி வைத்ததும் சாட்சி ஒன்றாகக் குறைந்தது. டேப்லெட் குழம்பி ஒரு பெரிய வட்டத்தைக் காட்டியது. தப்பான சின்ன வட்டத்தைவிட அந்தப் பெரிய வட்டமே மேல். பிறகு ஜிபிஎஸ் உள்ள போன்களோடு வீட்டுக்கு வந்து போனவர்கள் தெரியாமலே எனக்கு உதவினார்கள். அவர்கள் போன் சொன்ன புது இடம் பட்டியலில் ஏறஏற, சில வாரங்களில் சரியாயிற்று. ரவுட்டரின் பெயருக்குக் கடைசியில் ஓர் அடிக்கோடும் ‘நோமேப்’ என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால் கூகுள் அதைப் பட்டியலில் வைத்துக்கொள்ளாது. ஆனால் அதுவும் அன்றைக்கே நடந்துவிடாது.

உங்கள் வேலையில் இந்த ஓட்டை இரண்டு இடத்தில் கடிக்கும். பேருந்துக்குள்ளோ ரயிலுக்குள்ளோ இருக்கும் வைஃபை ஒன்று. புதிதாகக் குடியேறியவர்கள் நிறைந்த அடுக்குமாடி இன்னொன்று. அங்கே புள்ளி திடீரென்று வேறு பேட்டைக்குத் தாவினால், பத்தடி தள்ளிப் போய் வேறு ரவுட்டர்கள் கேட்கும் இடத்தில் நின்று பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் தெருப் பெயர்ப் பலகையைப் பார்த்துத் தேடுபெட்டியில் எழுதுவதுதான் வழி.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். மேப்பில் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று இருக்குமே, அதை யாரும் பார்ப்பதில்லை. புள்ளி என்பது வட்டத்தின் நடு மையம். உங்கள் இடம் என்று போன் சொல்வது அந்த வட்டம் முழுவதையும். ஆண்ட்ராய்டு கணக்குப்படி நீங்கள் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்புதான். மூன்றில் ஒரு முறை வட்டத்துக்கு வெளியேகூட நிற்கலாம். வட்டம் ஒரு வீட்டளவு இருந்தால் கதவைத் தட்டுங்கள். தெரு நீளத்துக்கு இருந்தால் வாடிக்கையாளருக்குப் போன் போடுங்கள். ஊரையே மூடியிருந்தால் அந்தப் புள்ளியை மறந்துவிட்டு, போனைக் கொஞ்ச நேரம் பையில் வையுங்கள்.

மூன்றாவதாக, ஐபி முகவரியை (இன்டர்நெட்டில் இணையும்போது கிடைக்கும் எண்) வைத்து இடம் சொல்லும் இணையதளங்கள். இவற்றை உங்கள் வேலைக்குப் பயன்படுத்தவே வேண்டாம். உங்கள் இன்டர்நெட் எந்த நிறுவனத்தின் எந்த மையம் வழியாகப் போகிறது என்பதைத்தான் அவை யூகிக்கின்றன. நீங்கள் ஓர் ஊரில் இருக்க, நூறு கிலோமீட்டர் தள்ளி வேறு நகரத்தைக் காட்டுவது அங்கே சகஜம். அமெரிக்காவில் இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் தெரியாத ஐபி முகவரிகளையெல்லாம் ஒரு நிறுவனம் அந்த நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியில் போட்டு வைத்தது. அந்தப் புள்ளி விழுந்தது கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டின் மேல். 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த வீட்டைக் காட்ட, பல வருடங்களாகப் போலீஸ்காரர்களும் ஏமாந்தவர்களும் அங்கே போய் நின்றிருக்கிறார்கள். 2016-இல் செய்தி வந்த பிறகுதான் புள்ளியை ஓர் ஏரிக்குள் நகர்த்தினார்கள். உங்களுக்குத் துணைக்கு இன்னொரு ஏரி!

இதே ரகத்தில் இன்னும் மோசமானவை, ‘போன் நம்பரைப் போடுங்கள், ஆள் எங்கே என்று சொல்கிறோம்’ என்கிற தளங்கள். உங்கள் நம்பரைப் போட்டுப் பாருங்கள் என்பார்கள். நம்பரின் முதல் சில இலக்கங்களை வைத்து அது எந்த வட்டாரத்தில் வழங்கப்பட்டது என்று சொல்லலாம். போன் இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. அது தெரிந்தது சேவை நிறுவனத்துக்கு மட்டும். அவர்கள் அதைச் சட்டப்படி கேட்பவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். பணம் வாங்கிக்கொண்டு கண்டுபிடித்துத் தருகிறேன் என்று யாராவது இடையில் வந்தால், ஒன்று ஏமாற்றுகிறார், இல்லை குற்றம் செய்கிறார். இரண்டிலும் நீங்கள் பங்கெடுக்க வேண்டாம்.

பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் நல்ல வழிகள் இரண்டு. புளூடூத் ஜிபிஎஸ் ரிசீவர் என்று தீப்பெட்டி அளவில் ஒரு கருவி உண்டு. அது செயற்கைக்கோளைக் கேட்டு உங்கள் போனுக்கு இடத்தைச் சொல்லும். அதற்கு ஆண்ட்ராய்டில் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ போய், இடத்தை அனுப்பும் செயலியை ‘மாக் லொகேஷன்’ (போலி இருப்பிடம்) செயலியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களுக்கு இதில் ஒரு சிக்கல் வரலாம். டெலிவரி நிறுவனங்களின் செயலிகள் சில, மாக் லொகேஷன் இயங்குவதைப் பார்த்தாலே ஏமாற்றுகிறீர்கள் என்று நினைத்து வேலை செய்ய மறுக்கும். நிஜமான இடத்தை நிஜமான கருவி சொன்னாலும் அவர்களுக்கு அது ‘போலி’தான், விளக்கிச் சொல்ல ஆள் கிடைக்கமாட்டார். வாங்குமுன் இரவல் வாங்கிச் சோதியுங்கள்.

ஆகவே நான் சொல்வது இரண்டாவது வழி. தெரிந்தவர் வீட்டில் கண்ணாடி கீறி, ஓரங்கட்டப்பட்ட ஆண்ட்ராய்டு போன் ஒன்று இருக்கும். அதில் ஜிபிஎஸ் இருந்தால் சிம்கூட வேண்டாம். வீட்டு வைஃபையில் உங்கள் பகுதியின் மேப்பை முழுதாக இறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் மேப்பிலும் முடியும், ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் ஆகியவற்றிலும் முடியும். செயற்கைக்கோள் யாரிடமும் டேட்டா கேட்பதில்லை. அழைப்புக்கு உங்கள் போன், வழிக்கு அந்தப் போன். முதல் நாள் காலையில் மட்டும் வெட்டவெளியில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அந்த ரிப்பேர்க்காரர் அதற்குப் பிறகும் விடாமல், ‘நான் ஏற்றிக் காட்டுகிறேன், பிடித்தால் பணம் கொடுங்கள்’ என்றால், சரி என்று சொல்லுங்கள். ஆனால் அவர் ஏற்றி முடித்ததும் சிம்மைக் கழற்றி, வைஃபையையும் ஸ்கேனிங்கையும் அணைத்து, கட்டடம் இல்லாத மைதானத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய், இருநூறு அடி நடந்து காட்டச் சொல்லுங்கள். புள்ளியும் கூடவே நடந்தால் பணத்தைக் கொடுத்துவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.